பிரிண்டருக்கு ஒரு தனியறை

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். சின்ன அறை என்னுடையது. பெரிய அறை பிரிண்டருடையது. ஜன்னல் இருப்பது பெரிய அறையில்தான். அதற்குள் போவதென்றால் நான் வாசலில் தொங்கும் நோட்டில் நேரத்தை எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே வந்ததும் இன்னொரு கையெழுத்து. வீட்டுக்குச் சொந்தக்காரன் நான்தான் என்பதற்கு என்னிடம் பத்திரம் இருக்கிறது. ஆனால் பிரிண்டரிடம் அதைவிடக் கெட்டியான அட்டையில் ஒரு சான்றிதழ் இருக்கிறது.

எல்லாம் அக்காவுக்காக ஆரம்பித்தது.

அக்காவுக்கு எழுபத்தொன்று, எனக்கு அறுபத்தாறு. முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊர்க்காரர்களின் வயரையெல்லாம் அதனதன் துளையில் செருகிப் பேச வைத்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், புருஷன் பெண்டாட்டி பேசுவதை முப்பத்திரண்டு வருடம் கேட்டதே போதும் என்பாள். போன வருடக் கடைசியில் அவளுக்கு இதயம் மக்கர் பண்ணியது. ஆஸ்பத்திரியின் நெடுநாள் பிரிவில் சேர்த்தேன். பதினாறு கட்டில்கள் போட்ட கூடம், அவளுடையது பதினொன்றாவது.

டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஒரு வருடம் என்றார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒன்றரை. நான் முகத்தைத் துடைத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தேன்.

"என்னடா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு சொன்னாருக்கா."

"அதைச் சொல்லவா வராந்தா வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு?"

அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தப் பெரிய ரூம் சும்மாதான கிடக்கு. நான் அங்க வந்து படுத்துக்கிறேன். ஜன்னல் பக்கமா தலைய வச்சு."

மறுநாளே அறையைக் காலி செய்து வெள்ளையடித்தேன். கட்டில் வாங்கி ஜன்னலோரம் போட்டேன். படுத்தபடியே என்னைக் கூப்பிட ஒரு மணியும் வாங்கினேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவன். மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நாற்பது வருடம் உழைத்திருக்கிறேன். எனக்கு எதுவும் முன்கூட்டித் தெரிந்ததில்லை. கட்டில் வாங்குவதற்கு முன்னால் இல்லத் தகுதி வாரியத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பதும் தெரியவில்லை.

நெடுநாள் பிரிவிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அழைத்துப்போக, அந்த வீட்டுக்குத் தகுதி இருக்கிறதா என்று இந்த வாரியம் சொல்ல வேண்டும். நாலாம் எண் ஜன்னலில் ஓர் அம்மாள் இருந்தார். கெட்டவர் இல்லை. அவருடைய மூக்குக்கண்ணாடியின் இடது கம்பி வளைந்து, உலகத்தையே சாய்வாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தகுதிப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். எங்கேயும் கிடைக்காது என்றார். நோயாளி போகப்போகிற வீட்டிலேயே, அந்த வீட்டு பிரிண்டரில்தான் அது அச்சாக வேண்டுமாம். அந்த பிரிண்டரும் அந்த வீட்டு நெட்வொர்க்கில் வயரால் இணைந்திருக்க வேண்டுமாம்.

வை-ஃபை ஆகாதா என்றேன்.

"காத்துல வர்ற காகிதத்தை நாங்க எடுத்துக்கிறதில்ல சார்."

கடையில் அச்சடித்துக்கொண்டு வருகிறேனே என்றேன். கடையில் அடித்தால் அது கடையின் தகுதியாகிவிடும், உங்கள் வீட்டுத் தகுதியை உங்கள் வீடுதான் சொல்ல வேண்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. வாரியத்தில் சொல்வதெல்லாம் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸில்தான் அது கெட்டுப்போகும்.

பிரிண்டர் வாங்கினேன். பின்பக்கத்தில் வயர் செருகும் துளை இருக்கிறதா என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டு, விரலை விட்டுத் தொட்டும் பார்த்து வாங்கினேன். சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். வயர் மட்டும் பெட்டியில் இல்லை. அதற்கென்ன, மேஜை டிராயரில் சுருண்டு கிடந்த ஒரு வயரை எடுத்து, ஒரு முனையை பிரிண்டரிலும் மறு முனையை வாசலோரம் இருந்த இணையப் பெட்டியிலும் செருகினேன். இரண்டு பக்கமும் 'டிக்' என்று உட்கார்ந்தது. மூன்று நாள் அந்த 'டிக்' சத்தத்தை நம்பி நான் செய்யாத வித்தை இல்லை. அணைத்தேன், போட்டேன், குறிப்புப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். பிரிண்டரின் சின்னத் திரை 'இணைப்பு இல்லை' என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

நாலாம் நாள் அக்காவிடம் போனில் புலம்பினேன். வயர் விஷயம் என்றதும் அவள் குரலில் பத்து வயது குறைந்தது.

"முனையைப் பாரு. உள்ள எத்தனை கம்பி தெரியுது?"

எண்ணினேன். "நாலு."

"அது டெலிபோன் வயர்டா, மக்கு. இதுக்கு எட்டுக் கம்பி வேணும்."

"உள்ள போச்சேக்கா. டிக்குன்னு சத்தம்கூட வந்துச்சு."

"உள்ள போனா ஆச்சா? பேசுதான்னு பாக்கணும்."

வயர்காரரைக் கூப்பிட்டேன். அவர் எட்டுக் கம்பி வயரைச் சுவரோரமாக ஓட்டி, ஆணியடித்து, இரண்டு பக்கமும் செருகினார். இணையப் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது. எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனாலும் பிரிண்டர் 'இணைப்பு இல்லை' என்றே சொன்னது. வயர்காரர் பதறவில்லை. இவையெல்லாம் பிறக்கும்போதே வை-ஃபை என்ற நினைப்போடு வருகின்றன, மெனுவுக்குள் போய் 'வயர்' என்று மாற்ற வேண்டும் என்றார்.

"வயரைச் செருகினா மட்டும் போதாது சார். செருகியிருக்கோம்னு அதுகிட்ட தனியா சொல்லணும்."

முதுகில் வயரைச் செருகிய பிறகும், செருகியிருக்கிறது என்று எழுத்தில் கேட்கும் பிராணி. வாரியம் இதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியம் இருக்கவில்லை.

சோதனைப் பக்கம் வெளியே வந்தது. நாலு கோடு, நாலு நிறம், ஒரு வரி எழுத்து. அதில் ஒரு பிரதியை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை வாரியத்தில் கொடுத்தேன். ஒரு மாதத்தில் ஆய்வாளர் வருவார் என்றார்கள். இரண்டாவது மாதக் கடைசியில் வந்தார்.

காலில் துணி உறை, கையில் ஃபைல், பையில் ஒரு ரசமட்டமும் ஒரு வெப்பமானியும். பிரிண்டரை அவர் பார்த்த பார்வையில் ஓர் உறவுக்காரரின் வேதனை இருந்தது. இது சாப்பிடுகிற இடம், இங்கே ஆவி அடிக்கும், மேஜை ஆடும், போகிற வருகிறவர் கண்ணெல்லாம் படும் என்றார். தகுதிப் பத்திரம் பிறக்கிற இயந்திரத்துக்குத் தனியறை வேண்டும், ஜன்னலோடு. என் சின்ன அறையை எட்டிப் பார்த்துவிட்டு, இதில் எப்படி மூச்சு விடும் என்று கேட்டார். நான் அதில் முப்பது வருடமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

பெரிய அறைக்குள் போனார். ஜன்னலைத் திறந்து மூடினார். கட்டிலைத் தாண்டிப் போய், சுவரில் கை வைத்துப் பார்த்தார்.

"இது போதும்."

"சார், இது எங்க அக்காவுக்கு. அவங்களைக் கூட்டிட்டு வரத்தானே இவ்வளவும்."

"உங்க உணர்வு புரியுது சார். ஆனா முதல்ல மிஷின் செட்டில் ஆகணும். அது செட்டில் ஆனாத்தானே அவங்களுக்குப் பேப்பர் வரும்?"

பேப்பர் வந்த பிறகு மிஷினை வெளியே எடுத்துவிடலாமா என்று கேட்டேன். வயசான காலத்தில் யாரையோ தெருவில் விடலாமா என்று கேட்டவனைப் போல என்னைப் பார்த்தார். எடுத்தால் வீட்டின் தகுதி போய்விடும் என்றார். அப்போதே எனக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் காலில் உறையும் கையில் ஃபைலும் உள்ள மனிதர் முன்னால் நான் எப்போதுமே தலையாட்டிவிடுகிறவன். தலை ஆடி முடித்த பிறகுதான் அதற்குள் மூளை என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.

கட்டிலைக் கழற்றி நடையில் சுவரோடு சாய்த்து வைத்தேன். வயர்காரர் மறுபடி வந்தார். கதவுக்கு அடியில் வயர் போகக் கூடாது என்பதால் சுவரில் துளை போட்டார். அக்காவுக்காக அடித்த வெள்ளை, துளையைச் சுற்றி வட்டமாக உதிர்ந்தது. ஜன்னலுக்குத் திரை, கதவுக்குப் பூட்டு, வாசலில் நோட்டு. மனிதர்களின் மூச்சில் ஈரம் இருப்பதால் காகிதம் நமத்துப்போகும், ஆகவே ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். எல்லாவற்றையும் ஆய்வாளர் படித்துக்காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார். கூப்பிடு மணியைப் பார்த்து இது என்ன என்றார். சொன்னேன். பிரிண்டருக்கு இது தேவைப்படாது என்றார்.

அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்தார். புறங்கையை பிரிண்டரின் விலாவில் வைத்து, சூடு இருக்கிறதா என்று பார்ப்பார். ராத்திரி ஓய்வு நிலைக்குச் சரியாகப் போகிறதா, சத்தம் ஏதாவது போடுகிறதா, காகிதம் எடுத்துக்கொள்கிறதா என்று விசாரிப்பார். அன்றைக்கே சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். பதினொன்றாம் கட்டிலுக்கு டாக்டர் வாரம் ஒருமுறை வருவார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். அக்கா பிரிண்டரைப் பற்றி ஆசையாகக் கேட்பாள். நான் அதை எந்த அறையில் வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் அவளுடைய கையில் வளையல் இன்னும் கொஞ்சம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் மாதம் சான்றிதழ் வழங்கும் விழா. வாரியத்தின் பெரிய கூடத்தில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் அவரவர் பிரிண்டரின் புகைப்படம், சட்டம் போட்டு. தலைவர் பேசினார். நல்ல குரல்.

"நான் பொறுப்பேற்றபோது வருடத்துக்கு அறுநூறு நோயாளிகள் இந்தப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல், ஆசைப்பட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக. அந்த அறுநூறை இன்று ஒன்பதாகக் குறைத்திருக்கிறோம். வீட்டுக்குப் போன நோயாளிகளிடமிருந்து வரும் புகார்கள் அடியோடு நின்றுவிட்டன. அதோடு நம் வாரியத்தின் முயற்சியால் நானூறு பிரிண்டர்களுக்குத் தனியறை கிடைத்திருக்கிறது. சிலர் கேட்கிறார்கள், நோயாளி முக்கியமா, இணைப்பு முக்கியமா என்று. நான் பணிவோடு சொல்கிறேன். நோயாளி வருவார், போவார். வயர் அங்கேயேதான் இருக்கும்."

கூடம் அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் எல்லாரும் தட்டும்போது கையைச் சும்மா வைத்திருக்க எனக்கு இன்றுவரை தெரியாது.

சான்றிதழ் எண்ணைப் போட்டதும் தகுதிப் படிவம் பிரிண்டரிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரே பக்கம்தான். நோட்டில் நேரம் எழுதி உள்ளே போய் எடுத்துவந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்து நிரப்பினேன். ஏழாவது கேள்வி: நோயாளிக்கு ஜன்னலுடன் கூடிய தனியறை உள்ளதா?

பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். நடையில் கட்டில் சாய்ந்து நின்றது. திரும்பி வந்து 'ஆம்' என்று எழுதினேன். அறுபத்தாறு வயதில் நான் அரசாங்கக் காகிதத்தில் எழுதிய முதல் பொய். அதையும் கோணலாக எழுதினேன்.

அந்தப் பொய்க்கு இரண்டு மாதம் ஆயுள் கொடுத்தார்கள். பிறகு நாலாம் ஜன்னலுக்கு வரச்சொன்னார்கள். அம்மாள் எங்கள் வீட்டு வரைபடத்தை விரித்து, பெரிய அறையின் மேல் விரல் வைத்தார்.

"இது பிரிண்டரோட ரூம் சார்."

எனக்குத் தெரியும் என்றேன். இதில் ஆளைச் சேர்க்க விதி இல்லையே என்றார். தெரியும் என்றேன். சின்ன அறையில் ஜன்னல் இல்லையே என்றார். அதுவும் தெரியும். 'மறுக்கப்பட்டது' என்ற முத்திரையை எடுத்தவர், சதுரத்துக்குள் குத்த முடியாமல் இரண்டு முறை தவறவிட்டார். கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது.

டாக்டர் வராந்தாவில் பேசி ஏழு மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சண்டை போட வராது. கோபம் வந்தால் ஏதாவது ஒன்றைச் சரிசெய்யத்தான் வரும். "கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்கம்மா" என்றேன். கொடுத்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த குட்டித் திருப்புளியால் திருகாணியை இறுக்கி, கம்பியை விரலால் நிமிர்த்தி, சட்டை நுனியில் துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏழு மாதத்தில் அன்றுதான் என்னை நேராகப் பார்த்திருக்க வேண்டும். ஏனென்றால் முத்திரையைக் கீழே வைத்துவிட்டார்.

"யாருக்கு சார் இது?"

"எங்க அக்காவுக்கு. அவங்களுக்கு இன்னும் அஞ்சு மாசம்தாம்மா."

பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அந்த ரூம்ல ஆளைத்தான் சேர்க்க முடியாது. துணைக்கருவி சேர்க்கலாம். நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க." ஒரு பச்சைப் படிவம் ஜன்னலுக்கு அடியில் நழுவி வந்தது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அறை உட்பட. திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சரி, பேனாவை எடு" என்றாள்.

கருவியின் வகை? தொலைபேசி என்று போடச் சொன்னாள். தயாரான வருடத்தை உள்ளபடியே எழுதினோம். எடை நாற்பத்து மூன்று கிலோ. எழுப்பும் சத்தம் என்ற இடத்தில் நான் 'மிதம்' என்று எழுதப்போக, பொய் எழுதாதே என்று தடுத்து 'அதிகம்' என்று போடவைத்தாள். பழுதான பாகம்: இதயம். வயர் மூலம் இணைத்துப் பழக்கம் உண்டா?

"முப்பத்திரண்டு வருஷம்னு எழுது."

கடைசியில் தன் கையெழுத்துக்கு இடம் தேடினாள். இல்லை. நோயாளியின் படிவத்தில் அவள் நாலு இடத்தில் போட வேண்டியிருந்தது. கருவி கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அதைக் கண்டதும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே அனுப்பும்வரை சிரித்தாள்.

நோயாளியாக ஏழு மாதம் அசையாத ஃபைல், கருவியாக ஒரே நாளில் நகர்ந்தது. அனுமதி மறுநாள் மதியமே பிரிண்டரில் வந்து விழுந்தது. ஆஸ்பத்திரியில் அவளை முன்வாசல் வழியாக விடவில்லை. சாமான்கள் போகும் பின்வாசலில் சீட்டு எழுதினார்கள். எண்ணிக்கை: ஒன்று. நிலை: பயன்படுத்தியது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அக்கா அதை வாங்கிப் பார்த்து, அப்படி ஒன்றும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை என்று வாசல்காரரிடம் சொன்னாள்.

நடையில் இருந்த கட்டிலை மறுபடி பூட்டி ஜன்னலோரம் போட்டேன். தலைமாட்டில் மணி. எதிர்ச்சுவரோரம் பிரிண்டர், பச்சை விளக்கோடு. துணைக்கருவிக்கு நேர வரம்பு இல்லை என்பதால் அக்கா அங்கேயே இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வந்தார். பிரிண்டரின் விலாவில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பட்டியலில் அடுத்தது துணைக்கருவி. இரண்டடி நகர்ந்து அதே புறங்கையை அக்காவின் நெற்றியில் வைத்தார். பிரிண்டரைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே வைத்திருந்தார்.

"லேசா சூடு இருக்கு. ஜன்னலைத் திறந்து வைங்க" என்றார். திரையை அவரே விலக்கிவிட்டார். கட்டிலின் காலில் எண் ஒட்டி, ஒரு புதுச் சான்றிதழை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா அதைக் கேட்டு வாங்கினாள். நான் அவளுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டேன், நானே தேய்த்தது. விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டு போனவள், கடைசி வரியில் நிறுத்தினாள். செல்லுபடியாகும் காலம்: மூன்று ஆண்டுகள்.

"மூணு வருஷமாடா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"டாக்டர்கூட எனக்கு அவ்வளவு குடுக்கலையே."

சான்றிதழை மடித்து, சோதனைப் பக்கத்தோடு சேர்த்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, சின்ன வயதில் செய்ததைப் போல என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. அவள் விரல்களை மெதுவாக விடுவித்துவிட்டு, வெளியே போய் நோட்டில் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே மறுபடி நேரத்தை எழுதி, இன்னொரு கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.